பழைய கார்பெட்டுக்குப் புதிய கார்பெட்டின் விலை

இங்கிலாந்தில் வாடகை வீட்டைக் காலி செய்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே டெபாசிட் பணத்தைப் பற்றி எழுந்து என் பார்வைக்கு வந்த தகராறுகளில், கார்பெட்டின் பெயர் அடிபடாதவை மிகக் குறைவு. சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் டைல்ஸிலும் நடந்து வளர்ந்த நமக்கு, சுவரிலிருந்து சுவர் வரை இழுத்துப் பதித்து, அடியில் அண்டர்லே என்ற மெத்தென்ற விரிப்பைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாதபடி அமைத்த ஒரு தரை புதிய அனுபவம். அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும், எதனால் கெடும், கெட்டால் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பவை தெரியாமலேயே பெரும்பாலோர் முதல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். கிழக்கு லண்டனில் நெடுங்காலமாக வசிப்பவன் என்பதாலும், ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுதித் தருபவன் என்று பெயர் வாங்கிவிட்டதாலும், இரு தரப்புக் காகிதங்களும் என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப நான் காணும் ஓர் அநியாயத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: ஆறேழு ஆண்டுகள் மிதிபட்டுப் பாதி ஆயுள் முடிந்துபோன கார்பெட்டுக்கு, கடையில் இன்று விற்கும் புதிய கார்பெட்டின் முழு விலையையும் கேட்பது.

அண்மையில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண்ணும் அவருடைய கணவரும், மாதம் 1,300 பவுண்டு வாடகையில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். படுக்கையறையில் சன்னலோரம், அயர்ன் பாக்ஸ் சாய்ந்து விழுந்து, உள்ளங்கை அளவுக்குக் கார்பெட் உருகிக் கறுத்துவிட்டது. வீட்டைக் காலி செய்ததும் ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. படுக்கையறைக்கும், அதே நிறம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக வெளியே உள்ள நடைக்கும் சேர்த்து, புதிய கார்பெட் போட 780 பவுண்டு ஆகும் என்றும், அதை 1,500 பவுண்டு டெபாசிட்டில் கழித்துக்கொள்ளப் போவதாகவும் அதில் இருந்தது. “அண்ணா, கருகினது எங்களாலதானே, பேசாம கொடுத்துட்டுப் போயிடலாம்னு இவர் சொல்றாரு” என்றார் அந்தப் பெண். தவறை ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தவறு யாருடையது என்பது முதல் கேள்வி மட்டுமே. அந்தத் தவறால் வீட்டுக்காரர் உண்மையில் இழந்தது எவ்வளவு என்ற இரண்டாவது கேள்வியை அந்தக் கடிதம் கேட்கவே இல்லை.

அவர்கள் விட்டுக்கொடுக்கத் துணிந்ததற்கு ஊர்ப்பழக்கமும் ஒரு காரணம். சென்னையில் வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டால், சுவர் எப்படி இருந்தது என்று யாரும் நின்று பேசுவதில்லை. இங்கே அந்தப் பணத்தைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்படி, 2007 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை டெபாசிட்டை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவந்தாக வேண்டும். இங்கிலாந்தில் டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என மூன்று நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. பணம் பெற்ற 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்து, எங்கே பதிவு செய்யப்பட்டது என்ற விவரத்தைக் குடியிருப்பவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். செய்யத் தவறினால், டெபாசிட் தொகையைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதமாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தில் வரம்பு கட்டியது. மாதம் 1,300 என்றால் வாரத்துக்கு 300, ஐந்து வாரத்துக்கு 1,500. அந்தத் தம்பதியின் கணக்கு அதனால்தான் அப்படி வந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, தகராறு என்று வந்துவிட்டால் அந்தப் பணம் யாருடையதாகக் கருதப்படுகிறது என்பது. தொடக்கத்திலிருந்து இறுதி வரை அது குடியிருப்பவரின் பணம். அதிலிருந்து ஒரு பவுண்டை எடுக்க வேண்டுமானாலும், எடுப்பதற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரரையே சேரும். இரு தரப்பும் சம்மதித்தால், இந்தத் திட்டங்களின் நடுவர் ஒருவர், கட்டணம் ஏதும் இல்லாமல், அனுப்பப்பட்ட காகிதங்களையும் படங்களையும் மட்டும் பார்த்து முடிவு சொல்வார். அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. யாரையும் நேரில் அழைத்து விசாரிப்பதும் இல்லை. இந்த ஒரு விவரம் எத்தனையோ வழக்குகளின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது.

நடுவர் முதலில் பார்ப்பது, கார்பெட்டுக்கு நேர்ந்தது சேதமா, இயல்பான தேய்மானமா என்பதை. வீட்டை நியாயமாகப் பயன்படுத்தியதாலும் வெயில், காலம் போன்ற இயற்கைச் சக்திகளாலும் வரும் தேய்வு இயல்பானது என்பது, அந்நாளில் நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முன்பே வகுத்துக் கொடுத்த அளவுகோல். வாசலிலிருந்து சோஃபா வரை நடந்து நடந்து பளபளப்பு மங்கிய தடம், கட்டில் காலும் பீரோவும் அழுத்திய பள்ளம், சன்னல் வழியே விழுந்த வெயிலில் வெளுத்த நிறம், மாடிப்படியின் விளிம்பில் நைந்த இழை ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்குக் குடியிருப்பவர் ஒரு பென்னியும் தர வேண்டியதில்லை. அயர்ன் பாக்ஸ் சூடு, சிகரெட் சுட்ட துளை, கொட்டிய மை, நாய் பிறாண்டிக் கிழித்த மூலை ஆகியவை சேதம். விருந்துக்கு வந்தவர் கொட்டிய ஒயினும் குடியிருப்பவரின் கணக்கில்தான் எழுதப்படும். இரண்டுக்கும் இடையில் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது, எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் இருந்தார்கள் என்பதையும் பொறுத்தது. இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் என்று தெரிந்தே நான்கு ஆண்டுகள் வாடகைக்கு விட்ட ஒருவர், தனி ஆள் ஆறு மாதம் தங்கிய அறையைப் போலக் கார்பெட் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சேதம்தான் என்று உறுதியான பிறகே கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கின் அடிப்படை எளிமையானது: குடியிருப்பவர் செய்த சேதத்தால் வீட்டுக்காரர் நட்டமடையவும் கூடாது, முன்பிருந்ததைவிட நல்ல நிலையை அடையவும் கூடாது. பழையதை இழந்தவருக்குப் புதியதைக் கொடுத்தால் அவர் லாபம் அடைகிறார். அந்த லாபத்துக்கான பணத்தை இன்னொருவரின் டெபாசிட்டிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே அதே தரத்தில் புதிய கார்பெட் போட ஆகும் செலவை, அந்தக் கார்பெட் நியாயமாக உழைக்க வேண்டிய ஆண்டுகளால் வகுத்து, மிச்சமிருந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பத்தாண்டுகள் உழைக்க வேண்டியது எட்டாம் ஆண்டு முடிவில் கெட்டுப்போனால், கேட்கக்கூடியது விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய வினோதமும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் குடியிருப்போருக்காக வெளியிட்ட வழிகாட்டியிலேயே, எட்டாண்டு பழைய, பத்தாண்டு ஆயுள் கொண்ட கார்பெட்டுக்கு இதே கணக்கு உதாரணமாகக் காட்டப்பட்டிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஒரு படி மேலே போய், கார்பெட்டின் ஆயுள் பத்தாண்டு என்று தன் வழிகாட்டு நெறியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி நிலையான ஓர் எண் கிடையாது. மலிவான மெல்லிய வகைக்கு நான்கைந்து ஆண்டுகள் என்றும், அடர்த்தியான நல்ல கம்பளிக் கார்பெட்டுக்குப் பத்தைத் தாண்டியும் ஆயுள் கொள்ளப்படலாம். இந்த நெகிழ்வு எனக்கு ஏற்புடையதே என்றாலும், குறைந்தபட்சம் ஓர் அட்டவணையாவது ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த எண் தெரியாததால்தான் சாதாரண மனிதர்கள் முதல் கடிதத்தைப் பார்த்தவுடன் பணிந்துவிடுகிறார்கள்.

செவிலியர் தம்பதிக்காக நான் எழுதிய பதில் நீளமானதன்று. கருகியதை ஒப்புக்கொண்டோம். கார்பெட் வாங்கிய ரசீதையும், படுக்கையறைக்கு மட்டுமான தனி விலைப்புள்ளியையும் கேட்டோம். நடையில் எந்தச் சேதமும் இல்லை என்பதால், நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அதற்கும் பணம் கேட்க முடியாது என்று எழுதினோம். ரசீது வந்தபோது கார்பெட்டுக்கு ஆறு வயது என்று தெரிந்தது. அறைக்கு மட்டும் 480 பவுண்டு. நடுத்தர வகையான அதற்குப் பத்தாண்டு ஆயுள் என்று நாங்களே தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும், மிச்சமிருந்த நான்கு ஆண்டுக்கு 192 பவுண்டுதான் வந்தது. அந்தத் தொகையைத் தரத் தயார் என்றும், ஏற்கவில்லையானால் நடுவரிடம் போகலாம் என்றும் எழுதியதும் ஏஜென்ட் ஒப்புக்கொண்டார். 780 கேட்ட இடத்தில் 192 போதும் என்றால், கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

முழு அறைக்கும் மாற்றுவது கடைசி வழி என்பதையும் சொல்ல வேண்டும். துப்புரவு செய்தால் போகுமானால் துப்புரவுச் செலவு. ஒட்டுப்போட்டால் சரியாகுமானால் ஒட்டுப்போடும் செலவு. கண்ணுக்குப் படாத மூலையில் இருக்கும் சிறு கறைக்கு, கார்பெட்டின் மதிப்பு சற்றுக் குறைந்ததற்கான ஈடு. சுவரோடு கட்டிய அலமாரிக்கு உள்ளே யாரும் மிதிக்காத இடத்தில் உள்ள துண்டை வெட்டி எடுத்துக் கருகிய இடத்தில் பொருத்தும் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வெளுக்காத துண்டு என்பதால் நிறம் சற்றுத் தூக்கலாகத் தெரியும். ஆனாலும் ஐந்து வயதான கார்பெட்டுக்கு அது போதும்.

நம் வீடுகளில் இந்தச் சேதம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இங்குள்ள வாடகை வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது பாலிபுரொப்பிலீன் இழைக் கார்பெட். அது ஏறக்குறைய 160 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்; பருத்தித் துணிக்கு வைக்கும் அயர்ன் பாக்ஸின் சூடு அதைவிட அதிகம். கம்பளி இழை கருகுமே தவிர உருகாது. தரையில் போர்வையை விரித்து அதன் மேல் சட்டையைத் தேய்க்கும் நம் பழக்கம் இங்கே ஆபத்தானது. குத்துவிளக்கின் எண்ணெய் மெல்ல வழிந்து அண்டர்லே வரை இறங்கினால், மேலே துடைத்தாலும் சில நாளில் திரும்ப மேலேறி வரும். விளக்கின் கீழ் அகன்ற எவர்சில்வர் தட்டு ஒன்றை வைப்பதே நல்லது. மஞ்சள் கறைதான் எல்லாவற்றிலும் கொடியது. சாம்பாரோ குழம்போ சிந்தியதும் பதறிப்போய்ச் சோடா கலந்த துப்புரவுப் பொருளை ஊற்றுகிறார்கள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பு, சோடா போலக் காரத்தன்மை (ஆல்கலி) கொண்ட எதுவும் மஞ்சளை அப்படித்தான் சிவக்க வைக்கும். சிந்தியதைக் கரண்டியால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, காரமில்லாத மென்மையான சோப்புநீரைக் கொஞ்சமாகப் பயன்படுத்துவதே சரி. தேய்த்தால் கறை பரவும், இழையும் பிரியும்.

இனி மறுபக்கம். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணம் பறிப்பவர்கள் என்று எழுதுவது என் நோக்கமன்று. கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அந்த வீட்டை வாங்கியவர். குடியிருந்தவர்கள் வெளியேறியபோது கூடம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கும் கறையுமாக இருந்தது. படங்களில் நானே பார்த்தேன். “தம்பி, அது போன வருசம்தான் போட்ட கார்பெட். நான் பொய் சொல்லுவனே? ரசீதைத் தேடினனான், கிடைக்கேல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நான் நம்பினேன். ஆனால் குடியேறிய நாளில், வீட்டிலுள்ள பொருட்களையும் அவற்றின் நிலையையும் பதியும் இன்வென்டரி எதுவும் எழுதப்படவில்லை, படமும் எடுக்கப்படவில்லை, கார்பெட்டுக்கான பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தார். அவர் வீட்டைக் கொடுக்கும்போது கார்பெட் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் ஒரு காகிதம்கூட இல்லாத நிலையில், நடுவரால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியவில்லை. கேட்ட தொகை முழுவதும் குடியிருந்தவர்களுக்கே திரும்பிப் போனது. அது நியாயமான முடிவு என்று என் மனம் ஏற்கவில்லை; ஆயினும் காகிதத்தை மட்டுமே பார்க்கும் ஓர் ஏற்பாட்டில் அதைத் தவிர வேறு முடிவும் வந்திருக்க முடியாது. அடுத்த குடித்தனத்தை வைக்கும்போது அவர் ஒவ்வொரு அறையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, கார்பெட்டின் வயதையும் தரத்தையும் ஏற்கெனவே இருந்த கறைகளையும் எழுதி, குடியேறுபவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். இன்வென்டரியில் “கார்பெட் நன்றாக உள்ளது” என்று ஒரே வரியில் எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

கசிவால் வரும் சேதத்தில் இரு தரப்பும் குழம்புவதைப் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாய்களையும் வெப்பமூட்டும் அமைப்பையும் பழுதுபார்க்கும் பொறுப்பு, 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வீட்டுக்காரருடையது. ரேடியேட்டர் கசிந்து கார்பெட் அழுகினால் அதற்குக் குடியிருப்பவர் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கசிவைப் பார்த்தும் பல வாரம் சொல்லாமல் இருந்தால், அந்தத் தாமதத்தால் பெருகிய சேதத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். கண்ட அன்றே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவித்துவிட வேண்டும். தொலைபேசியில் சொன்னது காகிதத்தில் நிற்காது. காலி செய்யும்போது தொழில்முறைத் துப்புரவாளரை வைத்துத்தான் கார்பெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் செல்லாது. குடியேறியபோது இருந்த அளவுக்குச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதை யார் செய்தார்கள் என்பது கேள்வியன்று.

நான் மிகவும் கவலைப்படுவது மாணவர்களைப் பற்றி. படிக்க வந்து, ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ ஒரு தமிழ்க் குடும்பம் வாழும் வீட்டிலேயே ஓர் அறையை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன டெபாசிட் பாதுகாப்பு பொருந்தாது. வீட்டுக்காரர் அதே வீட்டில் வசித்துச் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டால், தங்குபவர் சட்டத்தின் பார்வையில் வேறு வகையினர். பணத்தை எந்தத் திட்டத்திலும் பதிவு செய்யும் கடமை அந்த வீட்டுக்காரருக்கு இல்லை. இலவச நடுவரும் இல்லை. கார்பெட்டைக் காரணம் காட்டி 400 பவுண்டைப் பிடித்துக்கொண்டால், முறைப்படி ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, கட்டணம் செலுத்தி, கவுண்டி நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில்தான் கேட்க வேண்டும். ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன பிள்ளை அதைச் செய்வதில்லை. அங்கும் பழையதற்குப் பழைய மதிப்பு என்ற அதே வாதம் எடுபடும் என்பதை அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நம்மவர் வீடு என்பதால் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. அக்கா என்றும் அங்கிள் என்றும் அழைத்துவிட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பது கடினம். அதற்கு நான் சொல்லும் வழி இதுதான்: அறைக்குள் பெட்டியை வைக்கும் முன் கைபேசியில் தரை முழுவதையும் மெதுவாக ஒரு வீடியோ எடுத்து, ஏற்கெனவே உள்ள கறைகளை அருகில் காட்டி, “அக்கா, அறை பிடித்திருக்கிறது, நன்றி, சன்னலோரத்திலும் கட்டிலுக்கு அடியிலும் பழைய கறை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று அனுப்புகிறேன், கொடுத்த டெபாசிட் 400 பவுண்டு” என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் “சரி” என்று ஒரு சொல் பதில் அனுப்பினால், பணம் கொடுத்ததற்கும் தரை இருந்த நிலைக்கும் தேதியோடு ஒரு சான்று இருவரிடமும் வந்துவிடுகிறது.